சோளப்பொரி: தின்பவர் நலமும் செய்பவர் நலமும்

ஆயுத பூசையன்று ஓசூரை அடுத்த மூக்கண்டப்பள்ளியில் எந்தப் பட்டறைக்குள் நுழைந்தாலும் கையில் ஒரு பொட்டலம் வந்து சேரும்: பொரி, பொட்டுக்கடலை, தேங்காய்ச் சில்லு, வாழைப்பழம். கடைசல் எந்திரத்துக்கும் துளைபோடும் எந்திரத்துக்கும் சந்தனப் பொட்டு இட்டு, அவற்றின் முன் படைத்த பொரியைத் தொழிலாளர் எல்லாரும் அள்ளி உண்பர். 1970-களில் இங்கே சிப்காட் தொழிற்பேட்டை எழுந்தபின் பல மொழியாளரும் வந்து கூடிய ஊர் இது. ஆதலால் பொரிக்கும் பெயர்கள் பல. தமிழர் ‘பொரி’ என்பர். கன்னடத்தார் ‘புரி’ என்றும் ‘மண்டக்கி’ என்றும் சொல்வர். தெலுங்கர் ‘பொருகுலு’ என்பர். நெல்லைப் பொரித்தால் கன்னடத்தில் அதற்கு ‘அரளு’ என்று பெயர். அச்சொல்லுக்கு மலர்தல் என்றும் பொருள் உண்டு. தானியம் வெடிக்கிறது என்று எண்ணாமல் மலர்கிறது என்று எண்ணியவர்கள் உற்று நோக்கியவர்களாகத்தான் இருக்க வேண்டும்.

இந்தப் பழைய பொரிகளோடு இப்போது புதியது ஒன்றும் சேர்ந்துவிட்டது. திரையரங்கிலும் பேருந்து நிலையத்திலும் தள்ளுவண்டியிலும் விற்கும் பாப்கார்ன், அதாவது மக்காச்சோளப் பொரி. “பாப்கார்ன் உடம்புக்கு நல்லதா, கெட்டதா?” என்று மாணவர்கள் கேட்பது வழக்கமாகிவிட்டது. நார்ச்சத்து நிறைந்தது, தாராளமாகத் தின்னலாம் என்கிறார் ஒருவர். புற்றுநோய் வரும், தொடவே கூடாது என்கிறார் மற்றொருவர். இருவரும் ஒரே பெயரால் வெவ்வேறு பொருள்களைக் குறிக்கிறார்கள் என்பதுதான் இதில் உள்ள குழப்பம். ஒரு மணி சோளம் பல நூற்றாண்டுகளில் என்னென்ன பொருள்களோடு கூட்டுச் சேர்ந்தது என்று பார்த்தால் குழப்பம் நீங்கும். அந்த வரலாற்றின் கடைசிப் பகுதியில், தின்பவரைவிட முன்னதாக நோயுற்ற சிலரையும் நாம் சந்திக்க வேண்டியிருக்கும்.

நான் கல்லூரியில் இயற்பியல் கற்பிப்பவன், மருத்துவன் அல்லேன். ஆகவே சோளம் பொரிகிற விதத்தை முதலில் சொல்லிவிடுகிறேன்.

மணிக்குள் ஒரு கொதிகலன்

பொரிக்கும் சோள மணியை எடுத்துக்கொள்வோம். வெளியே கெட்டியான தோல், உள்ளே மாவுச்சத்து, அந்த மாவுச்சத்தில் எடையில் ஏறக்குறைய 14 விழுக்காடு நீர். சூடேற்றும்போது உள்ளிருக்கும் நீர் ஆவியாக முயல்கிறது. ஆனால் தோல் வழிவிடுவதில்லை. அழுத்தம் ஏறுகிறது, அழுத்தம் ஏற ஏற நீர் கொதிக்கும் வெப்பநிலையும் ஏறுகிறது. நம் சமையலறைக் குக்கரில் நடப்பதும் இதுவே. குக்கர் 120 பாகை செல்சியஸ் அளவில் ஏறக்குறைய 2 வளிமண்டல அழுத்தத்தில் நின்றுவிடும். மேலுள்ள எடை தூக்கிக்கொண்டு விசிலடிக்கும். சோள மணிக்கு விசில் கிடையாது. 180 பாகை வரை தாங்குகிறது. அந்த வெப்பநிலையில் நீராவியின் அழுத்தம் 10 வளிமண்டலத்தை எட்டிவிடும். அப்போது தோல் கிழிகிறது. அதுவரை அடைபட்டிருந்த நீர் கண்ணிமைக்கும் நேரத்தில் ஆவியாகி விரிய, வெந்து குழைந்திருந்த மாவுச்சத்து நுரைத்துப் பொங்குகிறது. விரியும் ஆவி குளிர்வதால் அந்த நுரை அப்படியே உறைந்து நின்றுவிடுகிறது. நாம் தின்பது உறைந்த நுரையைத்தான்.

பிரான்சு நாட்டு ஆய்வாளர்களான விரோ, பொனமரென்கோ இருவரும் 2015-இல் இதை அதிவேக ஒளிப்படக் கருவியால் படம்பிடித்து அளந்தனர். 170 பாகையில் மூன்றில் ஒரு பங்கு மணிகளே பொரிந்தன. 180 பாகையில் அநேகமாக எல்லாமே பொரிந்துவிட்டன. பத்துப் பாகை வேறுபாட்டில் இத்தனை மாற்றம்! ‘பட்’ என்ற ஓசை தோல் கிழிவதால் எழுவதன்று, ஆவி திடுமென வெளியேறுவதால் எழுவது என்றும் அவர்கள் காட்டினர்.

மாணவர்கள் வீட்டிலேயே ஒரு சோதனை செய்து பார்க்கலாம். பொரிசோளம் 50 கிராம் நிறுத்து, எண்ணெயில்லாமல் மூடிய பாத்திரத்தில் பொரித்து, ஆறியபின் மீண்டும் நிறுங்கள். சுமார் 5 கிராம் குறைந்திருக்கும். போனது நீர். பிறகு சில மணிகளின் தோலில் ஊசியால் துளையிட்டுப் போட்டுப் பாருங்கள். ஆவி துளை வழியே கசிந்துவிடுவதால் அவை ஒழுங்காகப் பொரியமாட்டா. கோழித் தீவனத்துக்காக நம் ஊர்களில் விளையும் மக்காச்சோளமும் இப்படியே ஏமாற்றும். அதன் தோலும் மாவும் இந்த அழுத்தத்துக்கு ஏற்றவை அல்ல.

நெல்பொரியில் தோலின் வேலையை உமி செய்கிறது. உமியின் இரு பாதிகளும் எவ்வளவு இறுக்கமாகக் கவ்விக்கொண்டிருக்கின்றனவோ அவ்வளவுக்கு நெல் நன்றாகப் பொரியும் என்று மைசூரில் உள்ள மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிலையத்தார் ஆராய்ந்து கூறியிருக்கின்றனர். அரிசிப் பொரி வேறு வகை. அதற்கு உமியே இல்லை. புழுங்கலாக்கியபோதே வெந்து இறுகிவிட்ட அரிசியை உப்புநீரில் பதப்படுத்திக் கொதிக்கும் மணலில் இடுகின்றனர். சில நொடிகளில் அது ஊதிப் பெருத்துவிடுகிறது. இவ்வகைத் தொழில்நுட்பம் எதையும் ஏட்டில் படிக்காதவர்கள், நெல்லை எவ்வளவு நேரம் நனைப்பது, மணல் எவ்வளவு காய்வது என்று கைப்பழக்கத்தாலேயே கண்டுகொண்டனர். நனைக்காத நெல் கருகும். மிகுதியாக நனைந்தது வேகும். பொரிவது இரண்டுக்கும் இடையில்.

பழமையானது எது?

மக்காச்சோளம் அமெரிக்கக் கண்டத்துப் பயிர். மெக்சிகோவில் ‘டியோசின்டே’ என்னும் காட்டுப் புல்லிலிருந்து சுமார் 9000 ஆண்டுகளுக்கு முன் மனிதன் அதை உருவாக்கினான். டியோசின்டேயின் மணி கல் போன்ற ஓட்டுக்குள் இருக்கும். அதை எப்படித் தின்றிருப்பார்கள் என்று அறிவியலார் வியந்தனர். ஜார்ஜ் பீடில் என்பவர் 1939-இல் அதற்கு ஒரு விடை கூறினார்: சூடாக்கினால் அந்த மணியும் பொரியும், ஓடு தானே விலகிவிடும்! பின்னாளில், 1958-இல், மரபணுக்கள் பற்றிய வேறோர் ஆராய்ச்சிக்காக நோபல் பரிசு பெற்றவர் இவர். பொரித்தலே மனிதன் சோளத்தை உண்ட முதல் வழியாக இருக்கலாம் என்னும் எண்ணம் இதிலிருந்து பிறந்தது.

பெரு நாட்டின் வட கடற்கரையில் பரேடோனெஸ், உவாக்கா பிரியெட்டா என்னும் இரண்டு பழைய குடியிருப்பு மேடுகள் உள்ளன. அங்கே கிடைத்த சோளக் கதிர்த் தண்டுகளுள் மிகப் பழையவை 6700 ஆண்டுகளுக்கு முற்பட்டவை என 2012-இல் அறிவித்தனர். அவர்கள் பொரித்தும் மாவாக்கியும் உண்டனர். ஆயினும் சோளம் அவர்களது முதன்மை உணவாக இருக்கவில்லை என்றே ஆய்வாளர் கருதுகின்றனர். அன்றைக்கே அது சிற்றுண்டி!

நம் நாட்டுக்குச் சோளம் எப்போது வந்தது? கொலம்பசின் பயணத்துக்குப் பின், 16-ஆம் நூற்றாண்டளவில் போர்ச்சுக்கீசியர் வழியாக வந்தது என்பது பொதுவான கருத்து. இங்கே சுவையான வழக்கு ஒன்று உண்டு. ஓசூரிலிருந்து ஒரே நாளில் போய்வரக்கூடிய சோமநாதபுரத்தில் 13-ஆம் நூற்றாண்டு ஒய்சளர் கோயில் இருக்கிறது. அங்குள்ள சிற்பங்களின் கைகளில் மணி மணியாகப் புடைத்த ஒரு பொருள் காணப்படும். அது மக்காச்சோளக் கதிரே, ஆகவே கொலம்பசுக்கு முன்பே சோளம் இந்தியாவுக்கு வந்துவிட்டது என்று யோகன்னசன், பார்க்கர் என்னும் இருவர் 1989-இல் எழுதினர். இல்லை, அது முத்துகள் பதித்த கற்பனைக் கனி என்று பாயக், சச்சான் என்னும் இந்திய ஆய்வாளர்கள் 1993-இல் மறுத்தனர். மறுத்தவர் பக்கமே எனக்கு நியாயம் தெரிகிறது. ஒரு பயிர் ஊருக்குள் வந்திருந்தால் சிற்பியின் கையில் மட்டுமா தங்கும்? அடுப்படியிலும் குப்பைமேட்டிலும் தன் தடத்தை விட்டிருக்கும் அல்லவா?

சோளம் வருமுன் இந்த எல்லைப்புறத்து மக்கள் பொரித்தது நெல்லையும் கேழ்வரகையும்தான். கேழ்வரகு மிகுதியாக விளையும் மாவட்டங்களுள் கிருட்டிணகிரியும் ஒன்று. கேழ்வரகில் சற்றே நீர் தெளித்து, ஊறவிட்டு, சூடான மணலில் பொரித்து, சலித்து, மாவாக அரைப்பர். கன்னடத்தில் இதற்கு ‘ஹுரிஹிட்டு’, அதாவது வறுத்த மாவு, என்று பெயர். ஏற்கெனவே வெந்த மாவாதலால் மீண்டும் சமைக்க வேண்டியதில்லை. மோரிலோ வெல்லம் கரைத்த நீரிலோ குழைத்து உடனே உண்ணலாம். 100 கிராம் கேழ்வரகில் 350 மில்லிகிராம் அளவுக்குச் சுண்ணாம்புச் சத்து இருக்கிறது. வேறெந்தத் தானியமும் அருகே வர இயலாது. பொரிப்பதால் அது ஆவியாகிப் போய்விடுவதும் இல்லை. பாப்கார்னைப் பற்றிய கட்டுரையில் இதைச் சொல்லாமல் விட மனம் வரவில்லை.

வெறும் பொரியின் கணக்கு

எண்ணெய் சேர்க்காமல் பொரித்த மக்காச்சோளம் 100 கிராமில் ஏறக்குறைய 387 கலோரி ஆற்றல், 13 கிராம் புரதம், 14 கிராமுக்கு மேல் நார்ச்சத்து, 4 அல்லது 5 கிராம் கொழுப்பு உள்ளன. 387 என்றதும் அஞ்ச வேண்டாம். நூறு கிராம் பொரி என்பது ஒரு பெரிய பாத்திரம் நிறைய. மூன்று கோப்பைப் பொரி 24 கிராம்தான் இருக்கும். அது தருவது 93 கலோரி. வயிறு நிறைந்தது போன்ற உணர்வு வந்துவிடும். இந்த வகையில் பொரியின் சிறப்பே அதிலுள்ள காற்றுதான். நார்ச்சத்தின் சிறப்போ தோலில் இருக்கிறது. பல்லிடுக்கில் சிக்கி நம்மைப் படாத பாடு படுத்தும் அந்தப் பழுப்புத் தோலை யாரும் வாழ்த்துவதில்லை. ஆனால் முழுத் தானியம் என்ற பெயரைப் பொரிக்குப் பெற்றுத் தருவது அதுவே. உமியும் தவிடும் போன பின் ஊதிய அரிசிப் பொரியில் நார்ச்சத்து 100 கிராமுக்கு 3 கிராமைக்கூடத் தொடுவதில்லை. அதன் மாவுச்சத்து விரைவில் செரித்துச் சர்க்கரையாகிவிடும். நீரிழிவு உடையவர்கள் இந்த வேறுபாட்டை நினைவில் கொள்வது நல்லது.

அமெரிக்காவில் சுக்ரான்டன் பல்கலைக்கழகத்து வேதியியலாரான சோ வின்சன் 2012-இல் ஒரு கூட்டத்தில், பாப்கார்னில் பாலிஃபீனால் என்னும் பொருள்கள் பழங்களைவிட மிகுதி என்றார். உடனே “பழத்தைவிடப் பொரி சிறந்தது” என்று செய்தித்தாள்கள் எழுதின. கணக்கைச் சற்றுப் பாருங்கள். பழத்தில் ஏறக்குறைய 90 விழுக்காடு நீர். பொரியில் 4 விழுக்காடு. நீர் கலந்த பாலையும் காய்ச்சிச் சுண்டவைத்த பாலையும் எடைக்கு எடை ஒப்பிடுவது போன்றது இது. வின்சனே இந்த நீர்க் கணக்கைச் சொல்லி, பழத்துக்குப் பதிலாகப் பொரி ஆகாது என்றுதான் கூறினார். அந்தப் பகுதி தலைப்பில் ஏறவில்லை.

கூட்டாளிகள் வந்த வரலாறு

வெறும் பொரிக்குக் கொழுப்புக் கூட்டாளி சேர்ந்ததை ஓர் ஆண்டோடு இணைத்துச் சொல்லலாம். அதுவரை அமெரிக்கர் சோளத்தைக் கம்பிக் கூடையில் இட்டுத் தீயின்மேல் குலுக்கிப் பொரித்தனர். சிகாகோ நகரத்துச் சார்லசு கிரெட்டர்சு, நீராவியால் இயங்கும் பொரி வண்டி ஒன்றை அமைத்து 1893-ஆம் ஆண்டு உலகக் கண்காட்சியில் காட்டினார். அவரது வண்டி சோளத்தைக் கொழுப்பிலேயே இட்டுப் பொரித்தது. பன்றிக் கொழுப்பும் வெண்ணெயும் கலந்த கலவை அது. ஒரே சீராகச் சூடு பரவியது, உப்பும் ஒட்டிக்கொண்டது. தொழில்நுட்பம் என்ற வகையில் அது முன்னேற்றம். ஆனால் அன்று முதல் பொரியின் நலம் சோளத்தைப் பொறுத்ததாக இல்லாமல் சட்டியில் ஊற்றுவதைப் பொறுத்ததாயிற்று. எண்ணெயில் பொரித்த கடைப் பாப்கார்ன் 100 கிராமில் 28 கிராம் வரை கொழுப்பு ஏறி, ஆற்றல் 500 கலோரியாகிறது. உருளைக்கிழங்கு வறுவலுக்கு மிக அருகில்.

தொடக்கத்தில் திரையரங்குக்காரர்கள் பொரியை உள்ளே விடவில்லை. கம்பளம் பாழாகும், மெல்லும் ஓசை தொல்லை என்றனர். 1930-களின் பொருளாதார நெருக்கடியில் படத்தைவிடப் பொரி வருவாய் தருகிறது என்று கண்டதும் கொள்கை மாறிற்று. இரண்டாம் உலகப் போரில் சர்க்கரைக்குப் பங்கீடு வந்து மிட்டாய் அரிதாகவே, பொரி அரங்கிலேயே நிலைத்துவிட்டது. நம் அரங்குகளிலும் இன்று டிக்கெட்டின் விலைக்குப் போட்டியாகப் பொரியின் விலை நிற்பது ஏன் என்பதற்கு வேர் அங்கே இருக்கிறது.

1994-இல் அமெரிக்க நுகர்வோர் அமைப்பு ஒன்று அரங்கப் பொரியை ஆய்வுக்கூடத்தில் சோதித்தது. தேங்காயெண்ணெயில் பொரித்த நடுத்தரப் பொட்டலம் ஒன்றில் 37 கிராம் நிறைவுற்ற கொழுப்பு! ஒரு நாளைக்குச் சொல்லப்பட்ட வரம்பே 20 கிராம். அரங்குகள் பல தேங்காயெண்ணெயை விட்டன. சில அதற்குப் பதிலாக ஐதரசன் ஏற்றிய எண்ணெய்க்கு மாறின. அதில் உள்ள மாறுபக்கக் கொழுப்பு இதயத்துக்கு இன்னும் கேடு என்பது பிறகுதான் உறுதியாயிற்று. நாம் வனசுபதி என்று அறிந்தது அவ்வகையே. அமெரிக்கா அவ்வெண்ணெயை 2018 முதல் உணவிலிருந்து விலக்கத் தொடங்கியது. இந்தியாவில் 2022 சனவரி முதல், எண்ணெய், கொழுப்புகளில் மாறுபக்கக் கொழுப்பு 2 விழுக்காட்டுக்கு மேல் இருத்தல் ஆகாது என்ற விதி நடைமுறைக்கு வந்தது. ஒரு கேட்டை விலக்கும்போது அதன் இடத்தில் எதை வைக்கிறோம் என்று பார்க்காமையின் விளைவு இது. இதே விளைவை இன்னொரு முறையும் பார்க்கப் போகிறோம்.

சர்க்கரைப் பாகு சேர்ந்த பொரியைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. அது மிட்டாய். 2024 டிசம்பர் 21 அன்று செய்சல்மேரில் கூடிய சரக்கு-சேவை வரி மன்றமும் அப்படியே கருதியது. உப்பும் மசாலையும் சேர்ந்த உதிரிப் பொரிக்கு 5 விழுக்காடும், பாகு பூசியதற்கு 18 விழுக்காடும் வரி என்று விளக்கம் தந்தபோது நாடெங்கும் சிரித்தனர். அவ்விகிதங்கள் என்னவாயினும், சர்க்கரை சேர்ந்தால் பொருளே வேறாகிவிடுகிறது என்ற அளவில் வரி அலுவலர் சொன்னது ஊட்டநூல் சொல்வதுதான். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

இனி நுண்ணலை அடுப்பு. பெர்சி சுபென்சர் என்பவர் பள்ளிப் படிப்பை முடிக்காத பொறியாளர்; ரேடார்க் கருவிகளில் பணியாற்றியவர். 1945-இல், இயங்கும் மாக்னட்ரான் குழலின் அருகே நின்றபோது சட்டைப் பையில் இருந்த சாக்கலேட் இளகியதைக் கவனித்தார். அடுத்து அவர் தருவித்தது சோள மணிகளை என்பர். பைக்குள் சோளக் கதிரை வைத்து நுண்ணலையால் பொரிக்கும் முறைக்கு 1949-இல் காப்புரிமையும் பெற்றார். நுண்ணலை, மணிக்குள் இருக்கும் நீரைச் சூடாக்குகிறது, அவ்வளவே. பொரியில் கதிரியக்கம் எதுவும் தங்குவதில்லை. அச்சம் கொள்ள வேண்டியது அலையைக் கண்டு அன்று. 1980-களில் கடைக்கு வந்த பைகளில் கொழுப்புக் கசியாதிருக்க ஃபுளூரின் சேர்மங்களைப் பூசினர். இவை இயற்கையில் எளிதில் சிதையாதவை. உடலிலும் நெடுநாள் தங்குபவை. அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2016-இல் இவற்றுள் மூன்றுக்குத் தந்த இசைவை நீக்கியது. உணவுத்தாளில் கொழுப்புத் தடையாகப் பூசப்படும் இவ்வகைப் பொருள்கள் அந்நாட்டுச் சந்தையில் விற்கப்படுவதில்லை என்று 2024 பிப்ரவரியில் அறிவித்தது.

ஆகத் தின்பவருக்கு உரிய விடை கடினமானதன்று. மூடிய பாத்திரத்தில், எண்ணெய் இல்லாமலோ ஒரு தேக்கரண்டி எண்ணெயிலோ பொரித்து, உப்பை அளவாகத் தூவினால் அது நல்ல சிற்றுண்டி. ஒரு நாள் முழுவதற்கும் உப்பு 5 கிராமுக்குள் என்பது உலக நலவாழ்வு அமைப்பு சொல்லும் அளவு. அரங்கப் பொட்டலம் ஒன்றே அதில் பெரும்பங்கைத் தின்றுவிடக்கூடும். நான்கு வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்கு மட்டும் பொரி தரலாகாது. தோலோ பொரியாத மணியோ மூச்சுக்குழலில் சிக்கிக்கொள்ளும்.

சாசுபர் ஊரின் தொழிற்சாலை

இதுவரை நாம் கேட்டது, தின்பவருக்கு நல்லதா என்னும் கேள்வி. உலகமும் நெடுநாள் அதை மட்டுமே கேட்டுக்கொண்டிருந்தது.

அமெரிக்காவில் மிசௌரி மாநிலத்தில் சாசுபர் என்னும் சிற்றூர். அங்கே நுண்ணலை அடுப்புக்கான பாப்கார்ன் பை செய்யும் தொழிற்சாலை ஒன்று இருந்தது. அங்கு வேலை பார்த்த எண்மருக்கு நுரையீரல் கெட்டுவிட்டது என்று 2000 மே மாதத்தில் மாநில நலத்துறைக்குச் செய்தி வந்தது. நோயின் பெயர் நுண்மூச்சுக்குழல் அடைப்பு. நுரையீரலின் மிக நுண்ணிய குழல்கள் புண்ணாகித் தழும்பேறி அடைந்துவிடும். ஆசுத்துமாவைப் போல மருந்துக்கு இளகாது, போனது திரும்பாது. அவர்களுக்குத் தொடக்கத்தில் ஆசுத்துமா, மார்ச்சளி என்றெல்லாம் பெயரிட்டு மருத்துவம் செய்திருந்தனர். எண்மருள் நால்வர் மாற்று நுரையீரலுக்காகக் காத்திருப்போர் பட்டியலில் இருந்தனர்.

தேசியத் தொழில்வழிப் பாதுகாப்பு, உடல்நல நிறுவனத்தார் வந்து ஆராய்ந்தனர். அப்போது வேலையில் இருந்த 117 பேரைச் சோதித்ததில், நாட்டுச் சராசரியைக் கொண்டு எதிர்பார்த்ததைவிட மூச்சுத்தடை 3.3 மடங்கு மிகுதியாக இருந்தது. காற்றில் நச்சு எங்கே மிகுதி என்று தேடியபோது வழி நேராகக் கலவை அறைக்குச் சென்றது. அங்கே சூடாக்கிய எண்ணெய்த் தொட்டியில் செயற்கை வெண்ணெய் வாசனையை ஊற்றிக் கலக்குவர். அவ்வாசனையின் முதன்மைப் பொருள் டைஅசிடைல். இது 88 பாகையில் கொதிப்பது. இளஞ்சூட்டிலேயே ஏராளமாக ஆவியாகும். கலவை அறையிலும் பக்கத்துப் பொட்டலமிடும் பகுதியிலும் வேலை செய்தவர்களே பாதிக்கப்பட்டிருந்தனர். ஆய்வின் முடிவு 2002-இல் வெளியாயிற்று.

இங்கே மாணவர்கள் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. டைஅசிடைல் கடைந்தெடுத்த வெண்ணெயிலேயே இயல்பாக இருக்கிறது. வெண்ணெய்க்கு அந்த மணத்தைத் தருவதே அதுதான். உண்டால் கேடில்லாத பொருள் என்று உணவுத்துறை அதற்கு முன்பே சான்று தந்திருந்தது. அந்தச் சான்று பொய்யன்று. ஆனால் வயிறு வேறு, நுரையீரல் வேறு. இரைப்பையின் சுவர் தாங்குவதை நுண்மூச்சுக்குழலின் மெல்லிய தோல் தாங்குவதில்லை. தின்பவரைக் கருதித் தந்த சான்றைக் கலக்குபவருக்கும் சேர்த்துத் தந்துவிட்டதாக எல்லாரும் எண்ணிக்கொண்டனர். மாவு மில்லில் வேலை செய்பவரிடம் “கோதுமை நல்ல உணவு, தூசியைப் பற்றிக் கவலை வேண்டாம்” என்று சொன்னால் எப்படி?

தின்பவர் ஒருவரும் பின்னர் இதில் சேர்ந்தார். நாள்தோறும் பல பைகளைப் பிரித்து, சூடான ஆவியைப் பல ஆண்டுகள் முகர்ந்து மகிழ்ந்த டென்வர் நகரத்தார் ஒருவருக்கு இதே வகை நுரையீரல் கேடு இருந்தது என்று 2007-இல் மருத்துவர் அறிவித்தார். அதே ஆண்டில் பெரிய உற்பத்தியாளர்கள் டைஅசிடைலைக் கைவிடுவதாக அறிவித்தனர். தொழிலாளர் எண்மரின் செய்தி வந்து அதற்குள் ஏழு ஆண்டுகள் ஆகியிருந்தன.

அதன் இடத்தில் வந்தது என்ன? சில வாசனைக் கலவைகளில் 2,3-பென்டேன்டையோன் என்னும் பொருள் வந்தது. டைஅசிடைல் மூலக்கூறோடு ஒரு கரி அணு கூடுதலாக உடைய நெருங்கிய உறவு அது. எலிகளிடம் சோதித்தபோது அதுவும் மூச்சுக்குழலை அதே போலப் புண்ணாக்கியது. தேங்காயெண்ணெய்க்குப் பதில் வனசுபதி வந்த கதைதான் மீண்டும். 2016-இல் மேற்சொன்ன நிறுவனம், எட்டு மணி நேர வேலையில் டைஅசிடைல் நூறு கோடிப் பங்கு காற்றில் 5 பங்குக்கு மேல் இருத்தல் ஆகாது என்று பரிந்துரைத்தது. 2,3-பென்டேன்டையோனுக்கு 9.3 பங்கு என்று வரம்பு வைத்தது.

நம் பக்கத்துப் பொரி அடுப்புகளில் வெண்ணெய் வாசனை இல்லை. தருமபுரிப் பக்கத்தில் பொரி வறுக்கும் குடும்பங்கள் ஆயுத பூசைக்கு முந்திய நாள்களில் இரவு பகலாக அடுப்பருகே நிற்பர். அங்கே விறகுப் புகையும் மணல் தூசியும் உண்டு. காற்றோட்டமில்லாத கொட்டகையில் இரண்டுமே நுரையீரலைக் கெடுப்பவை. புகைபோக்கி ஒன்று வைத்தால் பொரியின் சுவை குறைந்துவிடாது. பெரிய ஆலைகளைப் பற்றியோ சட்டம் அன்றே பேசியிருக்கிறது. 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டத்தின் 14-ஆம் பிரிவு, கேடு தரும் தூசியும் ஆவியும் தோன்றும் இடத்திலேயே உறிஞ்சி வெளியேற்றப்பட வேண்டும் என்று விதித்தது. அறையின் மூலையில் சுழலும் காற்றாடி அதற்கு ஈடாகாது. தொட்டியின் வாய்க்கருகே உறிஞ்சும் குழாய் இருக்க வேண்டும் என்பதே அதன் கருத்து. எந்திரப் பட்டறைகளில் தீட்டுச் சக்கரத்தின் பக்கத்திலேயே தூசி உறிஞ்சி பொருத்துகிறார்களே, அதே முறைதான்.

வாசனை ஊட்டுவது பாப்கார்னுக்கு மட்டும் உரியதன்று. பிசுக்கோத்து, மிட்டாய், வறுவல், ரொட்டி முதலியவற்றைச் செய்யும் இடங்களிலும் வெண்ணெய் வாசனை, பால் வாசனை என்ற பெயரில் பீப்பாய்கள் வருகின்றன. அவற்றோடு பாதுகாப்புத் தரவுத் தாள் ஒன்று வரும். கலவைப் பிரிவில் வேலை செய்யும் மாணவர்களின் தந்தையரும் அண்ணன்மாரும் அத்தாளைக் கேட்டு வாங்கிப் பார்க்கலாம். அதில் டைஅசிடைல் என்று இல்லாமல் 2,3-பியூட்டேன்டையோன் என்று அச்சிட்டிருக்கக்கூடும். இரண்டும் ஒரே பொருளின் பெயர்கள்.